லில்லி அக்கா உருவிய அட்டை

காலையில் செல்போனைத் திறந்தால் தங்கை மகள் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். சூரியன் உதிக்கிறது, கடல் மின்னுகிறது, நடுவில் பைபிளிலிருந்து பாதி வசனம். ‘இன்றைய வாக்குத்தத்தம், மாமா’ என்று கீழே எழுதியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பாதி வசனத்தின்மேல்தான். மீதி எங்கே என்று கேட்டால், மாமாவுக்கு வயதாகிவிட்டது என்பாள். ஆகிவிட்டதுதான். கோபத்துக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் தென்காசியில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை கையை விட்டுப் போகாது, சோற்றிலும் அதே வாசனைதான். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்களுக்கும் சீசன். அருவிக்கு வருகிற கூட்டத்தைத் தேடிப் பிரசங்கியார்களும் வருவார்கள், நோட்டீஸ் வேலை குவியும். வருஷத்துக்கு ஒரு புதுச் சரக்கு. ஒரு வருஷம் ஜெபித்த எண்ணெய். அருவிக்கரையில் முதுகுக்குத் தேய்க்கிற எண்ணெய் ஒரு பக்கம், பந்தலில் நெற்றிக்குத் தடவுகிற எண்ணெய் இன்னொரு பக்கம். எங்கள் சனம் இரண்டையும் விடாது. அடுத்த வருஷம் ஜெபித்த கைக்குட்டை. தலைவலி வந்தால் கட்டிக்கொள்ளவேண்டும். நானும் கட்டியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. லில்லி அக்காவுக்குக் காசநோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த அன்றே, வீட்டில் வேதம் வாசிக்கிறதையும் ஆரம்பித்தார். அவரும் அதுவரை முழுசாகப் படித்தவரில்லை. விளக்கேற்றியதும் நாளுக்கு ஒரு அதிகாரம், ஆதியாகமத்திலிருந்து வரிசையாக, ஆளுக்கொரு வசனம். வம்ச வரலாறு வந்தால் வாயில் நுழையாத பெயர்களில் நான் முழிப்பேன். தையல் டீச்சரான அக்கா மட்டும் நூல் கோர்க்கிற நிதானத்தில் படித்துக்கொண்டே போவாள்.

“இதத் தாண்டிப் போயிருவமாப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பிடிச்சத மட்டும் பொறுக்கித் திங்கதுக்கு இது என்ன மிச்சராலே? வாசி.”

ஒன்றரை வருஷம் மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து மாதத்திலேயே அக்கா தேறிவிட்டாள். இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. வாசிப்பில் நாங்கள் சாலொமோன் ஆலயம் கட்டுகிற இடத்துக்கு வந்திருந்தோம். முழம் முழமாக அளவு. எல்லாருக்கும் கொட்டாவி.

அந்த வருஷத்துச் சரக்குதான் வாக்குத்தத்த அட்டை. டப்பாவிலிருந்து காலையில் ஒன்றை உருவவேண்டும், கடவுள் அன்றைக்கு உங்களுக்குச் சொல்வது அதுதான். அடித்தது எங்கள் அச்சகம், எழுத்துக் கோர்த்தது நான். அதில் ஒரு வசனம், சாகக் கிடந்த ஒரு ராஜாவுக்குக் கடவுள் சொல்லியனுப்பியது. உன் ஜெபத்தைக் கேட்டேன், கண்ணீரைப் பார்த்தேன், உன்னைச் சுகமாக்குவேன், மூன்றாம் நாள் நீ ஆலயத்துக்குப் போவாய் என்று வரும்.

“இது ராஜாவுக்குச் சொன்னதுல்லா ஐயா? மூணாம் நாள்னு வேற வருதே?” என்று அட்டை அடிக்கக் கொடுத்த பிரசங்கியாரிடம் கேட்டேன்.

“அந்த வரிய எடுத்திருங்க தம்பி, படிக்கிறவங்களுக்கு இடிக்கும். சுகமாக்குவேன் வரைக்கும் போதும்.”

எடுத்துவிட்டேன். ஒரு டப்பாவை வீட்டுக்கும் கொண்டுபோனேன். அட்டை நுழைந்ததும் வாசிப்பு சாலொமோனின் முழக்கணக்கோடு நின்றது. அப்பா சில நாள் புத்தகத்தை விரித்துவைத்துக் காத்திருந்தார், யாரும் போய் உட்காரவில்லை.

ஒரு காலையில் அக்கா உருவியது அந்த அட்டை.

“ஏலே, எங்கிட்டயே சொல்லுதாரு பாருலே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மாத்திரையைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. அப்பா கெஞ்சினார்.

“சுகமாக்குதேன்னு அவரே சொன்னப்புறமும் மாத்திரைய முழுங்குனா, அவர நம்பலன்னுல்லா அர்த்தம்?” என்றாள்.

வரியை வெட்டியவன் நான் என்று சொல்லியிருக்கவேண்டும். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சீசனுக்குள் ரத்தமாக இருமினாள். மாத்திரைகள் இந்தமுறை கேட்கவில்லை. முப்பது வயதுகூட முடியாமல் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த பிரசங்கியார், “விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கு” என்றார். அந்த ஆளின் சட்டையைப் பிடிக்காமல் விட்டதற்கு இன்றைக்கும் என் கை பரபரக்கிறது.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தைத் தேடி எடுத்தேன். விடாமல் வாசித்திருந்தால், நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து முப்பத்தைந்தாம் நாள் அங்கே வந்திருப்போம். சுகமாக்குவேன் என்று சொன்ன கையோடு தீர்க்கதரிசி அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்கிறார். அதை ராஜாவின் கட்டிமேல் பற்றுப் போடுகிறார்கள், அவன் பிழைத்துக்கொள்கிறான். மருந்து ஐயா, மருந்து! அதே பக்கத்தில், இரண்டு வசனம் தள்ளி.

அக்கா போனாள், அந்த மேசையைச் சுற்றிக் கேட்ட வாசிப்பும் போயிற்று. பிரசங்கியாரை இன்றைக்கும் திட்டத் தொடங்குவேன், பாதியில் நின்றுவிடும். அட்டையில் அத்திப்பழத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. அந்த வரியை எடுத்ததும் கீழே நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது. மொட்டையாக இருக்கிறதே என்று நான்தான் அங்கே ஒரு பூப்போட்ட அச்சு பிளாக்கை வைத்தேன்.