தெரியாத சிஸ்டம், நிறுத்து

பிள்ளைகளே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். பிடிக்கட்டும். எங்காவது சிக்கினால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போன வாரம் பெரியவள் போனில் இன்டர்வியூ கொடுத்தாள். நம் வீட்டில் அடுத்த அறை என்று ஒன்று கிடையாது, அதனால் எனக்கும் கேட்டது. முதல் கேள்வியே எங்கே இருக்கிறாய் என்பதுதான். மாட்டுங்கா என்று சொன்னாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை மகளே. இந்தத் தாராவியில் நம் சந்தில் யாரைக் கேட்டாலும் சயான் என்பார்கள், மாஹிம் என்பார்கள். தாராவி என்றால் அடுத்த கேள்வி வராமலே போன் வைக்கப்பட்டுவிடும் என்ற பயம். எனக்குக் கோபம் கேட்டவர்கள் மேல்தான். உனக்கு என்ன தெரியும் என்று கேட்கும் முன்னால் எங்கே இருக்கிறாய் என்று எதற்குக் கேட்க வேண்டும்? அந்தக் கோபத்தோடுதான் எம்பிராய்டரி பாயின் பட்டறையில் நடந்ததை எழுத உட்கார்ந்தேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்கிறீர்கள். அது பாதி சரி. மீதி இது.

தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் பாயின் எம்பிராய்டரி பட்டறை இருக்கிறது. மேலப்பாளையத்துக்காரர். மூன்று மிஷின். ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். டிசைன் பைலைப் படித்து, ஊசி எங்கே நகர வேண்டும் என்று கேபிள் வழியாக மிஷினுக்குச் சொல்லும் புரோகிராம் அதில் ஓடும். சி மொழியில் எழுதியது. முதல் மிஷினோடு சிடியில் வந்த புரோகிராம் அது, எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. செம்பூரில் ஒரு மாடியில் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸை வைத்துக்கொண்டு பல வருஷமாக அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

சி மொழியில் நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் நேராகப் படிக்காது. கம்பைலர் என்ற இன்னொரு புரோகிராம் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு கம்பைலர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அதனால் அந்தப் புரோகிராமின் தலைமாட்டில் ஒரு ஏணி மாதிரி வரிகள் இருந்தன. நீ டாஸா, அப்படியானால் இப்படிச் செய். நீ விண்டோஸா, அப்படியானால் அப்படிச் செய். கடைசிப் படியில்: தெரியாத சிஸ்டம், நிறுத்து.

மழைக்காலத்தில் ஒரு நாள் பழைய மிஷினின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அந்த மாதிரி போர்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லாமிங்டன் ரோட்டில்கூட இப்போது கிடைக்காது. பாய் மிஷின் டீலரின் ஆளைக் கூப்பிட்டார். கோபர்கைரனேயிலிருந்து வந்தவர், நல்ல மனுஷர், சட்டை கசங்காமல் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் இனி யாரும் சப்போர்ட் கொடுக்க மாட்டார்கள், பங்காரில், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார்.

அந்த மிஷினில் வேலை செய்கிறவர் ஒரு அக்கா. நாங்குநேரிப் பக்கம். நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் பாபினைச் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அந்த ஆளு மிஷினச் சொல்லுதாரா, என்னையச் சொல்லுதாரா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு மிஷினுக்கும் ஆள் இருந்தது. பழையது போனால் அக்காவுக்கு நிற்க இடம் இல்லை என்று பாய் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

உள்ளங்கை அளவு ஒரு போர்டு வாங்கி வந்தேன். லினக்ஸ் போட்டது. மிஷினின் கேபிளை அதில் மாட்டினேன். புரோகிராமைக் கம்பைல் செய்தால் கடைசிப் படியில் முட்டி நின்றது: தெரியாத சிஸ்டம். சரி என்று ஏணியில் இன்னொரு படி கட்டினேன். நீ லினக்ஸா, அப்படியானால் இப்படிச் செய். கம்பைல் ஆகிவிட்டது. பாய் டீ சொன்னார். கல்யாண ஜாக்கெட் ஆர்டரில் இருந்த மாங்காய் டிசைனைப் போட்டு ஓட்டினோம்.

மாங்காய் வரவில்லை. ஊசி நாலு தையல் ஒழுங்காகப் போட்டது, பிறகு பாய்ந்து பாய்ந்து சட்டத்தின் ஓரம் வரைக்கும் போய் இடித்து நின்றது. பாய் துணியைத் தூக்கிப் பிடித்தார்.

"மாங்கா கேட்டா டிராம்பேக்கு ரோடு போட்டுருக்கியே தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். டீலரின் ஆளுக்கு மறுபடியும் போன் போடட்டுமா என்று பாய் கேட்டார், அது கிண்டல் இல்லை. நான் வேண்டாம் என்றேன். இன்னொரு துணியைப் போட்டு மறுபடி ஓட்டினேன். அதே ரோடு. அக்காதான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, வலப் பக்கம் போறப்ப ஒழுங்காத்தான் போவுது. எடப் பக்கம் திரும்ப வேண்டிய எடத்துலதான் இப்படிப் பாயுது."

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஊசி வலப் பக்கம் நகர்வது சாதாரண எண். இடப் பக்கம் என்றால் மைனஸ். அந்த எண்களைப் புரோகிராம் மிகச் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளும். பழைய கம்பைலர் அந்த டப்பாவில் மைனஸை அப்படியே வைக்கும். இந்தப் போர்டின் கம்பைலருக்கு அந்த டப்பாவில் மைனஸே கிடையாது. மைனஸ் ஐந்தைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தொன்று என்று எடுத்துக் கொடுக்கும். தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. அந்த மொழியின் விதியே அதைக் கம்பைலரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது.

டப்பாவுக்கு மைனஸ் உண்டு என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் போதும், எல்லா இடத்திலும் ஒத்துவரும். எழுதினேன். மாங்காய் வந்தது, வளைவு கெடாமல் வந்தது. அக்கா அதைக் கத்தரித்துத் தன் மிஷினின் பக்கவாட்டில் ஒட்டினார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் அதைத்தான் சொன்னார்.

"ஆர்டர் நிக்கு. ஓடுதுல்லா, விட்டுரு."

"விட மாட்டேன் பாய். இந்தப் போர்டும் ஒரு நாள் சாவும். அப்ப இன்னொன்னு வரும், அதுக்கும் பேரு தெரியலன்னு இது நின்னுரும். அன்னிக்கு அக்காவத்தானே வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"பின்ன? மிஷின வச்சுத்தானே நான் ஆள வைக்க முடியும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு வீம்பு வந்தது. பெயரைக் கேட்கிற வரை இது தீராது என்று தோன்றியது. லினக்ஸ் என்று பெயரைக் கேட்டுத்தானே படி கட்டினேன்? பெயர் சரியாக இருந்தும் மாங்காய் ரோடாகப் போனதே. பெயர் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஏணியை ஒவ்வொரு படியாகக் கழற்றினேன். ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும், நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். படி இருந்த இடத்தில் கேள்விகளை வைத்தேன். ஒவ்வொரு கேள்வியும் நாலைந்து வரியில் ஒரு குட்டிப் புரோகிராம். உன் எண் எவ்வளவு பெரிசு வரை தாங்கும்? பெரிய எண்ணை எழுதும்போது முன்பாதியை முதலில் வைப்பாயா, பின்பாதியையா? கேபிள் வழியாக மிஷினோடு பேச உன்னிடம் வழி இருக்கிறதா? கம்பைலர் அதைச் செய்து காட்ட வேண்டும். காட்டினால் உண்டு என்றும், காட்டாவிட்டால் இல்லை என்றும் ஒரு பைலில் பதில் தானாக விழும். அந்தப் பதில்களை வைத்துத்தான் பெரிய புரோகிராம் உருவாகும். நீ யார், எந்த ஊர், யார் செய்தது என்று எங்கேயும் கேட்காது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்கப் பெரிய பெரிய புரோகிராம்களை இப்படித்தான் தயார் செய்கிறார்கள். டீலரின் ஆளிடம் போனில் சொன்னபோது, ஆமாம், இதுதான் சரியான முறை, ஆனால் மூன்று மிஷினுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்றார். நான் மெனக்கெடுவேன் என்றேன். பிறகு அவரே, முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள், உல்லாஸ்நகரில் இதே மாதிரி ஒரு பழைய மிஷின் கிடக்கிறது என்றார்.

சில கேள்விகள் சரியாக வர நாளாயிற்று. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒன்று சரியானால் போர்டில் இன்னொன்று கெடும். பாய் பார்க்கும்போதெல்லாம், பரீட்சை முடிஞ்சுதா தம்பி என்பார். அக்காதான் ஒவ்வொரு தடவையும் சோதனைத் துணியை மாட்டிக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார், மற்றவர்களும் இல்லை. மூன்று மிஷினும் நின்றிருந்ததால் தெருச் சத்தம் உள்ளே கேட்டது. புரோகிராமைத் திறந்து மேலே போனேன். ஏணி முழுவதும் போயிருந்தது, கடைசிப் படி மட்டும் மிச்சம். இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு பாதுகாப்புக்கு என்றுதான் அதுவரை விட்டு வைத்திருந்தேன்.

தெரியாத சிஸ்டம், நிறுத்து. அந்த வரியை அழித்தேன். சேவ் செய்து, ஒருமுறை கம்பைல் செய்து பார்த்துவிட்டு, அக்காவின் மிஷினில் புதுத் துணியை மாட்டி வைத்தேன்.