தலைகீழாகப் போட்டுப் பெருக்கு

ஈப்போ நகரில் கணித ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் ஒரு மூத்த ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை. கையிலிருந்த மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

“பின்னத்தைப் பின்னத்தால வகுக்க, ஏன் ரெண்டாவதைத் தலைகீழாப் போட்டுப் பெருக்குறோம்?” என்று பயிற்றுநர் கேட்டார். பக்கத்தில் மூடிச் சத்தம் நின்றது.

பக்கத்திலிருந்தவர் எழுந்தார். “இருபது வருசமா சொல்லிக் குடுக்குறேன் டீச்சர். ஏன்னு எனக்குத் தெரியாதுலா.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“தெரியாதவங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வாங்க” என்றார் பயிற்றுநர்.

அவர் மட்டும் போனார். எனக்கும் தெரியாது, ஆனால் நாசி லெமாக் சோறு வாங்கும் வரிசையில் நின்றேன்.

திங்கட்கிழமை, ஆறாம் ஆண்டு வகுப்பில், “தலைகீழாப் போட்டுப் பெருக்கு” என்றேன்.

“ஏன் டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி.

பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். அவரைப்போல் ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.