அசையாத புள்ளி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். இருபத்து நாலு வருஷமாக ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்பில் வலது கண்ணை வைத்து மலேரியாக் கிருமியைத் தேடிப் பிடிக்கிறவள். இரண்டு கண்ணாலும் பார்க்கிற புதுசு வந்தபோது, "எனக்கு இதுவே போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

ஒரு வாரமாகவே லேசான மங்கல். பல்பு பழசு என்று அதன்மேல் பழியைப் போட்டாள். இன்று காலை ஸ்லைடை மேடையில் கிளிப்பால் பிடித்து, சின்ன லென்ஸில் பெரிய திருகைத் திருப்பிப் படத்தைக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸைச் சுழற்றி, சின்னத் திருகை ஒரு மயிரிழை நகர்த்தினாள். சிவப்பணுக்கள் வந்தன. நட்டநடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஏம்மா, லென்ஸைத் தொட்டியா?" என்று தரை துடைக்கிறவளிடம் எரிந்து விழுந்தாள்.

"நான் அது பக்கமே போறதில்லக்கா. தொட்டா நீங்க என்னைக் கடிச்சுக் குதறிடுவீங்களே!"

அதுவும் வாஸ்தவம்தான். ஸ்லைடை நகர்த்தினாள். அழுக்கு ஸ்லைடில் என்றால் கூடவே நகரும், நகரவில்லை. கண்வைக்கிற லென்ஸைச் சுழற்றினாள், புள்ளி சுற்றவில்லை. கீழ் லென்ஸை மாற்றினாள், வெளிச்சத்தைக் குவிக்கிற லென்ஸை ஏற்றி இறக்கினாள். சனியன், அப்படியே இருந்தது. கடைசியாக இடது கண்ணை வைத்தாள். புள்ளியைக் காணோம்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முட்கள் சேருகிற இடமே இல்லை.

வாயை மூடிக்கொண்டு இடது கண்ணாலேயே ஓட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு வாரமாகக் "கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்த நாற்பத்தொரு ஸ்லைடு? பயந்துகொண்டேதான் டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், போன வாரம் கிருமி இல்லைன்னு நான் எழுதினதையெல்லாம் வேற யாரையாவது இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க."

"ஏன், மைக்ராஸ்கோப்ல கோளாறா?"

"அது நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுலதான் கோளாறு."

மத்தியானத்துக்குள் ஒன்றில் கிருமி கிடைத்தது. மூன்று வயதுக் குழந்தை. வீட்டுக்குச் சொல்ல டாக்டர் போனை எடுத்தார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"காய்ச்சல் இன்னும் விடலைங்க," என்றாள் குழந்தையின் அம்மா. "ஆனா ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்தாங்களே?"

"நான்தாம்மா எழுதினேன். தப்பா எழுதிட்டேன். குழந்தையை இப்பவே தூக்கிட்டு வாங்க."