சாத்தாத ஜன்னல்

பேருந்து நிலையத்தில் அவரை 'முதல்வண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் கிளம்பும் முதல் பேருந்துக்கு அவர்தான் டிரைவர். பழைய டீசல் வண்டி. பிரேக்குக்குக் காற்று ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு டீ குடிக்கப் போவார். காற்று ஏறிய பிறகும் அணைக்கமாட்டார். அணைத்தால் மறுபடி கிளம்ப மக்கர் பண்ணும். கரும்புகை, நிலையத்து மதிலை ஒட்டிய வீட்டின் மாடி ஜன்னலுக்கு நேராக எழும்பும்.

அங்கே ஒரு பெண்மணி வந்து ஜன்னலைப் படாரென்று சாத்துவார். "மகராசி வணக்கம் சொல்லியாச்சு, ஏறு" என்று முதல்வண்டி கண்டக்டரிடம் சிரிப்பார்.

ஒருநாள் அந்தப் பெண்மணி இறங்கியே வந்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்தக் கூடாதா? மூச்சு முட்டுது."

"ஆகட்டும்மா" என்றார். மறுநாள் தள்ளி நிறுத்தினார். அதற்கடுத்த நாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

அப்புறம் ஒரு காலை ஜன்னல் சாத்தப்படவில்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தார். நுரையீரல் கெட்டு அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் சொன்னார்.

அன்று வண்டி ஓட்டும்போது, தினமும் பார்த்தவையெல்லாம் புதிதாகக் கண்ணில் பட்டன. தெருமுனையில் எரியும் குப்பைமேடு. செங்கல் சூளைப் புகைபோக்கி. சிக்னலில் உறுமி நிற்கும் லாரிகள். இத்தனைக்கு நடுவே நம் புகை எம்மாத்திரம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் எஞ்சினைக் கிளப்பியதும் படாரென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் விரியத் திறந்தே கிடந்தது. கண்டக்டரைக் கேட்டால், ஒன்றும் கேட்கவில்லை என்றான். அன்றிலிருந்து தினமும் அந்தச் சத்தம். டாக்டர் காதைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் மாடி ஏறினார். அந்தப் பெண்மணியின் கணவர் தையல்காரர். வந்தவர் யாரென்று தெரிந்தும் கோபப்படவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டார். மனைவி சின்ன வயதில் ஜன்னலில்லாத சமையலறையில் விறகடுப்பு ஊதியதையும், பிறகு செங்கல் சூளையில் வேலை பார்த்ததையும் சொன்னார்.

"எந்தப் புகைன்னு டாக்டராலயே சொல்ல முடியல. உங்களுதுதான்னு நான் எப்படிண்ணே சொல்லுவேன்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆனா, நீங்க தள்ளி நிறுத்துன அன்னைக்கு ஜன்னலத் தெறந்து வெச்சிட்டே தூங்கினா. வெயில் ஏறுற வரைக்கும் தூங்கினா."

மறுநாள் முதல்வண்டி பேருந்தை நிலையத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனார். காற்று ஏறியதும் எஞ்சினை அணைத்தார். கிளம்ப அடம்பிடித்த நாட்களில் பயணிகள் தள்ளினார்கள்; 'தள்ளுவண்டி' என்று கிண்டல் செய்தார்கள். அவர் மெக்கானிக்கை நச்சரித்து டீசல் பம்பைச் சரிசெய்ய வைத்தார். புகை குறைந்தது. அதைப் பார்த்து மற்ற டிரைவர்களில் சிலரும் தள்ளி நிறுத்தத் தொடங்கினார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவ்வளவு தூரத்திலும் காதருகே அறைந்தது.

வேலை முடிந்து சில நாள் தையல்காரர் வீட்டுக்குப் போய் உட்காருவார். ஒருநாள் அந்த ஜன்னல் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டார்.

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலியேண்ணே" என்றார் தையல்காரர். "காது குடுத்துக்கிட்டே கெடக்கேன்."

அதன்பின் முதல்வண்டி ஒருநாளும் தவறாமல் மாடி ஏறினார். "இன்னைக்கும் கேட்டுச்சு" என்பார். தையல்காரர் தலையசைத்துவிட்டு மறுபடி துணியை நகர்த்துவார்.