மேற்குச் சுவரில் ஒரு துளை

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்லுக்குள் போய்விட்டு வந்தேன். சிரிக்காதீர்கள்… கம்ப்யூட்டர் வழியாகத்தான்!

தேவதானத்தில் விவசாயம் பார்க்கும் என் நண்பன் முத்தையாவின் கிணறு வற்றிவிட்டது. சுற்றிலும் சுக்கான் பாறை. சுண்ணாம்பு கலந்த அந்தக் கல்லில் ஆசிட் ஊற்றினால் கரைந்து ஊற்றுக்கண் திறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் வராவிட்டால் தோட்டத்தை விற்பதைத் தவிர வழியில்லை. அந்தத் தோட்டத்தின் மேற்கு மூலையில்தான், அவர்கள் வழக்கப்படி, அவன் அப்பாவை அடக்கம் செய்திருக்கிறார்கள். விற்க மனசு வருமா?

அவன் தங்கை கோமதி சென்னையில் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். திசையைக் குறித்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் வெட்டிய ஒரு துண்டை மெல்லிசாகச் சீவி, அதிலுள்ள நுண்துளைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தோம்.

திரையில் கல் வெள்ளை, துளைகள் கறுப்பு. நடுவே ஆசிட்டை விட்டாள். அது நாலாபக்கமும் பரவும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரே ஒரு துளையைப் பிடித்து, அதன் சுவரை அரித்து, அகலமாக்கி, புழு மாதிரி மேற்கே போனது. ஒரு வழி பெரிதானதும் மொத்த ஆசிட்டும் அதற்குள்ளேயே ஓடியது. மற்ற துளைகள் அப்படியே நின்றுவிட்டன. வேறு இடத்தில் விட்டுப் பார்த்தாள்… மறுபடியும் மேற்கு.

"அண்ணே, இது நகத்தளவு கல்லுதான். தோட்டம் பூராவும் இப்படித்தான்னு சொல்ல முடியாது" என்றாள். திரையில் அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "ஆனா, மேக்க அப்பால்லா இருக்காக?"

ஆசிட் போகிற வழியில்தான் அவர் சமாதி!

சாயங்காலம்தான் ஊற்றுவதாக ஏற்பாடு. தடுத்துவிடலாம் என்று பஸ் பிடித்து ஓடினோம். போனால், முத்தையா நுரைத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறான்!

"சாயங்காலம் ராகு காலம்லா… அதான் காலையிலேயே ஊத்தியாச்சு. தண்ணியப் பாத்தீயளா?"

கிணற்றின் மேற்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

நேற்று முத்தையா தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தான். துளைக்குக் கீழே தண்ணீர் தெளிந்து கிடந்தது. அவன் அம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோய்க் கணவரின் சமாதியில் ஊற்றினார். "நீங்க அனுப்புன தண்ணிதான இது!" என்று அழுதார். ஊற்றிய தண்ணீர் துளிகூடத் தேங்கவில்லை.

நானும் கோமதியும் கிணற்றோரம் நின்றிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் என் கையை இறுகப் பிடித்தாள். துளையிலிருந்து விழுந்த தண்ணீரில் மஞ்சளாக ஒரு கோடு… மெலிந்து, நீண்டு, கலைந்துபோனது.

"அம்மாட்ட சொல்லிராதீய அண்ணே…"

சொன்னால் கிணற்றை மூட வேண்டும். தோட்டம் கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால்?

"ஏட்டி, அவியளுக்குக் குடிக்கத் தண்ணி குடு!" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே அம்மா வந்தார். கிணற்றில் இறைத்த வாளித் தண்ணீரைக் கோமதி செம்பில் மொண்டு என்னிடம் நீட்டினாள். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குடித்தேன். இனித்தது… அதுதான் பயமாக இருக்கிறது.