உறை பிரிக்காத எண்ணெய்ப் பெட்டி

மலேசியாவின் ஈப்போ நகரில் சாப்பாட்டுக் கடைகளைச் சோதனை போடுவது என் வேலை. எல்லாரும் முன்வாசல் வழியாக நுழையும் கடைக்குள் நான் மட்டும் பின்சந்துச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நுழைவேன். அடுத்தவர் அழுக்கைக் கிளறிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும்.

வியாபாரம் பெருகியது

சோற்றில் வகைவகையாகக் குழம்பு ஊற்றித் தரும் காதர் அண்ணனின் நாசி கண்டார் கடை ஒன்றாக இருந்து மூன்று கடை அகலத்துக்கு வளர்ந்தது. நல்ல உழைப்பாளி. நானும் மத்தியானம் அங்கேதான் காசு கொடுத்துச் சாப்பிடுவேன். ஆனால் கழுவுகிற தண்ணீரோடு குழம்பு எண்ணெயும் மூன்று மடங்காகச் சாக்கடையில் இறங்கியது. மழை பெய்தால் போதும், அடைத்துக்கொண்ட சாக்கடை பொங்கி, சந்து முனையில் பூக்கட்டும் சரசு அக்காவின் கடைக்குள் புகுந்துவிடும். சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர், அந்தப் பூக்கடை ஒன்றுதான் அவருக்கு. புகார் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"எப்படி எழுதுறது தங்கச்சி? தெனமும் எனக்குச் சோறு அங்கேருந்துதான் லா வருது."

பெட்டி வந்தது

எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பெட்டியைப் பொருத்தச் சொல்லி நானே நோட்டீஸ் கொடுத்தேன். காதர் அண்ணன் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டார், அதுவும் இருப்பதிலேயே பெரியதாக.

போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது பெட்டி. கழுவுகிற தண்ணீர்க் குழாய் அதற்குள் போகாமல் சுற்றிக்கொண்டு பழையபடி சாக்கடைக்கே போகிறது. கோபம் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"இவ்ளோ வெல கொடுத்து வாங்கினது மேடம், நீங்க வந்து பாக்குறப்போ அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

கல்யாண மாலை

குழாயை மாற்ற இரண்டு நாள் கெடு கொடுத்தேன். மறுநாளே கொட்டியது மழை. சரசு அக்கா ஒரு கல்யாணத்துக்குக் கட்டி வைத்திருந்த மாலைகளெல்லாம் எண்ணெய்த் தண்ணீரில் மிதந்தன. அவர் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெடு கொடுத்த என் மேலேயே ஆத்திரம் வந்தது. காதர் அண்ணன் கடையை மூடும் உத்தரவை எழுத எடுத்தேன். "வேணாம் தங்கச்சி, அங்க வேல செய்றவங்க பாவம் லா" என்று அக்காவே என் கையைப் பிடித்தார்.

அதற்குள் சத்தம் கேட்டு வந்த காதர் அண்ணன் குனிந்து ஒரு மாலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"எழுதுங்க மேடம். எங்க கடைக் குழம்பு வாசம் பொண்ணு மாப்ள கழுத்துல வரக்கூடாது."

குழாய் மாற்றி முடிக்கும்வரை கடை மூடியிருந்த மூன்று நாளும் சரசு அக்காவுக்குக் காதர் அண்ணன் வீட்டிலிருந்தே சோறு வந்துவிட்டது, உத்தரவில் கையெழுத்துப் போட்ட நான்தான் மத்தியானத்தை ரொட்டியும் தேநீருமாக ஓட்டினேன்.