ஏழு தாள் என்று சொன்னேன்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். இரண்டு தரம் கொப்பி வாங்கினேன். இரண்டு தரமும் பிள்ளையார் சுழி போட்டதோடு கை நின்றுவிட்டது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். ஆனால் தயக்கத்துக்கு அது காரணம் இல்லை. என் பிழையை நானே எழுத வேண்டியிருந்தது.

கொழும்பு கிராண்ட்பாஸில் மிளகாய்த்தூள் பொதி செய்யும் ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். வீடு கொட்டாஞ்சேனை. செவ்வாயும் வெள்ளியும் அம்மனைக் கும்பிடாமல் வேலைக்குப் போனதில்லை. அப்போது என் பக்கத்து மேசையில் மலைநாட்டு ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, தற்காலிக வேலைக்காரி. மகளைத் தேயிலைத் தோட்டத்தில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வேலை நிரந்தரமானால் பிள்ளையைக் கூட்டி வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். சாப்பாட்டு நேரத்தில் அவள் கதைப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஒரு சனிக்கிழமை மனேஜர் எல்லோரையும் களஞ்சியத்துக்குக் கூப்பிட்டார். எங்கேயோ பயிற்சிக்குப் போய் வந்த சூடு அவருக்கு. எங்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். குழுவுக்கு எட்டுப் பத்திரிகைத் தாள், ஒரு நூல்பந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டை. தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்ட வேண்டும், உச்சியில் சிரட்டை நிற்க வேண்டும்.

"ரெண்டு தற்காலிக ஆக்களும்தான் லீடர். ஒரு ஆளைத்தான் நிரந்தரமாக்க இடம் இருக்கு. ஆர் வடிவா வேலை வாங்கிறா எண்டு பாப்பம்," என்றார்.

ஒரு தாயின் சோற்றை அந்தச் சிரட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நாங்களும் கை தட்டினோம்.

எங்கள் குழுவில் அவள், நான், லொறி ஓட்டும் முஸ்லிம் நானா. நான்கு கால், காலுக்கு இரண்டு தாள் என்று அவள் திட்டம் போட்டாள். சுருட்டுவது என் வேலை. ஆறாவது தாளை எடுத்தால், முழுப் பக்கமும் அம்மன், தேரில். திருவிழாச் சிறப்புப் பக்கம். அதைச் சுருட்டி, செருப்புக் கால்கள் நடமாடும் நிலத்தில் ஊன்ற எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலும் அப்படிப் படங்களைச் சேர்த்துவைத்துக் கடலில் போடுவதுதான் என் வழக்கம். ஒருவருக்கும் தெரியாமல் மடித்து வேலை அங்கியின் பைக்குள் வைத்தேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். மனேஜர் சிரிப்பார் என்று வெட்கம். நான்காவது காலை ஒற்றைத் தாளில் சுருட்டிக் கொடுத்தேன்.

"இந்தக் கால் என்ட லொறி டயர் மாதிரி, காத்துப் போய் நிக்கிது," என்றார் நானா.

"வாய மூடிக்கிட்டுப் புடிங்க நானா," என்று அவள் சிரித்தாள்.

சிரட்டையை வைத்தாள். அந்தக் கால் மடிந்தது. கோபுரம் அவள் காலடியிலேயே விழுந்தது. மற்றக் குழுவின் கோபுரம் நின்றது.

அவள் குந்தியிருந்து அந்தக் காலைப் பிரித்துப் பார்த்தாள். "எட்டுத் தாள் தந்தாங்கதானே அக்கா? இதுல ஒண்ணுதானே இருக்கு?"

"ஏழுதான் பிள்ளை தந்தவை," என்றேன்.

அவள் நேரே மனேஜரிடம் போனாள். "சேர், எங்களுக்கு ஒரு தாள் கொறைச்சுக் குடுத்திருக்கீங்க. அக்காவே சொல்றாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ?"

"எனக்கு வடிவாத் தெரியாது சேர்," என்றேன்.

"நான் என்ர கையால எண்ணித் தந்தனான். தோத்தா தோத்ததெண்டு ஒத்துக்கொள்ளப் பழகு. பொய் சொல்லாத," என்று எல்லோருக்கும் முன்னால் அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குந்தி, விழுந்த தாள்களைப் பொறுக்கினாள். நானா அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் படத்தைச் சாமியறையில் வைத்து விளக்கேற்றினேன். அம்மனைக் காலில் மிதிபடாமல் காப்பாற்றினேன் என்று பெருமைகூட இருந்தது. உலகத்தைக் காக்கிறவளுக்கு என் காவல் எதற்கு? பக்கத்து மேசைக்காரிக்குத்தான் அது தேவைப்பட்டது.

மாத முடிவில் அவளை நிறுத்தினார்கள். "வர்றேங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்துத் தெருவில் இன்னொரு பொதி செய்யும் இடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். அவர்கள் எங்கள் இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். பொய்க்காரி என்று பதில் போயிருக்கிறது. அவள் திரும்ப மலைக்கே போய்விட்டாள் என்று நானாதான் சொன்னார். மகள் கொழும்புப் பள்ளிக்கூடம் பார்க்கவே இல்லை. நான் இன்னும் அதே மேசையில்.

தோற்ற கோபத்தில் தோட்டத்துக்காரி பொய் சொன்னாள் என்று எங்கள் இடத்தில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். இதை வாசிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, அம்மன் என்னைச் சோதித்தாள் என்று நடுவில் ஒன்றைச் செருகாதீர்கள். பொய் சொன்னது நான். பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனது அவள். இப்படியே சொல்லுங்கள்.